மாதவிடாய் வலியில் ஹிஸ்டமினின் பங்கு எவ்வளவு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மகளிர் இணைப்பில் மாதவிடாய் வலி பற்றி ஒரு கட்டுரை வந்திருந்தது. ஒவ்வாமையின்போது அரிப்பையும் தடிப்பையும் உண்டாக்கும் ஹிஸ்டமின் என்ற பொருள் உடலில் கூடுவதுதான் வலிக்கு மூலகாரணம், ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் அதைத் தூண்டிவிடுகிறது. ஆகவே தக்காளி, கத்தரிக்காய், கருவாடு, புளித்த தயிர் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, தேதி நெருங்கும்போது தினம் ஓர் அலர்ஜி மாத்திரை போட்டுக்கொண்டால் போதும் என்பது அதன் சாரம். முழுப் பொய் என்று ஒதுக்கிவிடக்கூடிய கட்டுரை என்றால் விட்டுவிடலாம். இதில் பாதி உண்மை. அந்தப் பாதியை நம்பி, வேலை செய்கிற மாத்திரையை விட்டுவிட்டு வேலை செய்யாத மாத்திரைக்குப் போகிறவர்கள் இருப்பார்கள் என்பதால் இந்தக் கடிதம்.

முதல் நாள் வலி எப்படி உண்டாகிறது என்பதைப் பார்த்துவிட்டு ஹிஸ்டமினுக்கு வருவது நல்லது. கருமுட்டை வெளியான பிறகு சினைப்பையில் எஞ்சும் கார்ப்பஸ் லூட்டியம் ஏறக்குறைய 14 நாட்கள் புரோஜெஸ்டிரான் என்ற ஹார்மோனைச் சுரக்கும். கரு தங்கவில்லை என்றால் அது சுருங்கிவிடும். புரோஜெஸ்டிரான் மளமளவென இறங்கும். அந்த இறக்கத்தைத் தொடர்ந்து கருப்பையின் உட்சவ்வுச் செல்களின் கொழுப்பிலிருந்து அராக்கிடானிக் அமிலம் விடுபடுகிறது. காக்ஸ் என்ற நொதி அதைப் புராஸ்டாகிளாண்டினாக மாற்றுகிறது. இதில் எஃப்2-ஆல்ஃபா என்ற வகை கருப்பைத் தசையையும் அங்குள்ள ரத்தக்குழாய்களையும் இறுக்கிப் பிடிக்கும். ஈ2 என்ற வகை வலி நரம்புகளைச் சின்னத் தூண்டலுக்கும் துடிக்க வைக்கும்.

அழுத்தக் கணக்கில் சொன்னால் இன்னும் தெளிவாக விளங்கும். வலியில்லாத மாதவிடாயில், கருப்பைக்குள் அழுத்தம் ஓய்வு நிலையில் 10 மி.மீ. பாதரசத்துக்குக் கீழே இருக்கும்; சுருங்கும்போது 120 வரை ஏறி இறங்கும்; பத்து நிமிடத்துக்கு மூன்று, நான்கு சுருக்கங்கள். கடும் வலி உள்ளவர்களுக்கு ஓய்வு அழுத்தமே 10-ஐத் தாண்டி நிற்கும். உச்சம் 150, 180 என்று போகும். ஒரு சுருக்கம் தணிவதற்குள் அடுத்தது ஏறிவிடும். தமனியின் ரத்த அழுத்தம் 120 இருக்கும் பெண்ணின் கருப்பைக்குள் 150 நிற்கிற அந்த நேரத்தில் தசைக்கு ரத்தமே போகாது. இதயத் தசைக்கு ரத்தம் போதாமல் நெஞ்சு வலிப்பதும் இதுவும் ஒரே வகை வலி. ‘எல்லாப் பொம்பளைக்கும் வர்றதுதானே’ என்று சொல்கிறவர்கள் இந்த எண்களை ஒருமுறை படித்துப் பார்க்கலாம்.

மாதவிடாய் ரத்தத்தில் தசையைச் சுருக்கும் ஏதோ ஒரு பொருள் இருக்கிறது என்று பிரிட்டனில் பிக்கிள்ஸ் என்ற உடலியல் ஆய்வாளர் 1957-இல் காட்டினார். அது புராஸ்டாகிளாண்டின் என்பதும், வலி உள்ளவர்களிடம் அதன் அளவு கூடுதல் என்பதும் அடுத்த சில ஆண்டுகளில் தெளிவாயின. ஆஸ்பிரின் போன்ற மாத்திரைகள் புராஸ்டாகிளாண்டின் உற்பத்தியைத் தடுத்துத்தான் வலியைக் குறைக்கின்றன என்று ஜான் வேன் 1971-இல் நிறுவினார். 1982-இல் அவருக்கும், பெர்க்ஸ்ட்ரோம், சாமுவெல்சன் ஆகியோருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. முதல் நிலை மாதவிடாய் வலிக்கு, அதாவது வேறு நோய் எதுவும் இல்லாமல் வரும் வலிக்கு, இன்றைய சிகிச்சை இந்த அடித்தளத்தின் மேல்தான் நிற்கிறது.

இனி ஹிஸ்டமின். கட்டுரை இதைப் புத்தம்புதிய கண்டுபிடிப்பாகக் காட்டியது. உண்மையில் ஹிஸ்டமின் மருத்துவ உலகுக்கு அறிமுகமானதே கருப்பையின் வழியாகத்தான். எர்காட் என்ற பூஞ்சைச் சாற்றில் கருப்பையைச் சுருங்க வைக்கும் பொருள் எது என்று தேடிய பார்ஜரும் ஹென்றி டேலும் 1910-இல் அதிலிருந்து ஹிஸ்டமினைப் பிரித்தெடுத்தார்கள். கினிப்பன்றியின் கருப்பைத் துண்டு ஒன்றில் துளி ஹிஸ்டமின் பட்டாலே அது முறுக்கிக்கொள்ளும். அதே ஹிஸ்டமின் எலியின் கருப்பையைத் தளர்த்திவிடும்! செல்லின் மேல் ஹிஸ்டமினைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பிகளில், கினிப்பன்றியில் எச்1 வகையும் எலியில் எச்2 வகையும் முன்னிற்பதுதான் காரணம். பின்னாளில் மருந்தியல் ஆய்வாளர் ஜேம்ஸ் பிளாக் எச்2 தடுப்பு மருந்துகளைக் கண்டறிந்தபோது, எலியின் கருப்பை அவருடைய சோதனைக் கருவிகளில் ஒன்றாக இருந்தது. விலங்கில் பார்த்ததை அப்படியே பெண்ணுக்குப் பொருத்தி எழுதுகிறவர்கள் இந்த முரணை நினைவில் வைக்க வேண்டும்.

மனிதக் கருப்பையின் நிலை என்ன? ஆய்வகத்தில் வைத்துப் பார்த்தால் நம் கருப்பைத் தசை எச்1 வழியாகச் சுருங்கத்தான் செய்கிறது. ஹிஸ்டமினைச் சேமித்து வைத்திருக்கும் மாஸ்ட் செல்கள் கருப்பையின் தசையிலும் உட்சவ்விலும் இருக்கின்றன. மாதவிடாய்க்குச் சற்று முன் உட்சவ்வில் அவை கிளர்ச்சி அடைவதும் தெரியும். குளவி கொட்டியோ ஊசி மருந்து ஒவ்வாமலோ உடல் முழுக்க ஹிஸ்டமின் கொட்டும் அனஃபிலாக்சிஸ் நிலையில், சில பெண்களுக்கு மாதவிடாய் வலி போலவே அடிவயிறு இழுத்துப் பிடிக்கும். எனவே ஹிஸ்டமினால் கருப்பை வலிக்குமா என்றால், வலிக்கும். சந்தேகமில்லை. மாதாமாதம் வரும் வலியில் அதன் பங்கு எவ்வளவு என்பதுதான் கேள்வி.

ஹார்மோன் கதைக்கும் ஆதாரம் உண்டு. மாஸ்ட் செல்களில் ஈஸ்ட்ரோஜன் ஏற்பிகள் இருக்கின்றன. ஈஸ்ட்ரோஜனின் முக்கிய வடிவமான ஈஸ்ட்ராடியால் பட்டால் அவை ஹிஸ்டமினை எளிதாக வெளிவிடுகின்றன. புரோஜெஸ்டிரான் அதற்குக் கடிவாளம் போடுகிறது. தோலில் ஹிஸ்டமின் குத்திப் பார்க்கும் அலர்ஜி சோதனையில், ஈஸ்ட்ரோஜன் உச்சத்தில் இருக்கும் 12 முதல் 16-ஆம் நாட்களில் தடிப்பு பெரிதாக எழும். சினைப்பைச் செல்கள் ஹிஸ்டமின் பட்டால் ஈஸ்ட்ராடியாலைக் கூடுதலாகச் சுரக்கின்றன என்பதும் ஆய்வகத்தில் பார்க்கப்பட்டது. ‘ஈஸ்ட்ரோஜன் ஹிஸ்டமினைக் கூட்டும், ஹிஸ்டமின் ஈஸ்ட்ரோஜனைக் கூட்டும்’ என்று இணையத்தில் வட்டம் போட்டுக் காட்டுகிறார்களே, அதன் மூலம் இவைதான்.

அந்த வட்டம் காலண்டரோடு ஒத்துப்போகவில்லை என்பதுதான் சிக்கல். வலி உச்சத்தில் இருப்பது ரத்தப்போக்கு தொடங்கும் நாளிலும் மறுநாளும். அந்த நாட்களில் ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டிரானும் இரண்டுமே அடிமட்டத்தில் இருக்கும். ஈஸ்ட்ரோஜன் உச்சத்தில் இருக்கும் மாத நடுவில், சிலருக்குக் கருமுட்டை வெளியாகும்போது ஒரு பக்கம் சுருக்கென்று பிடிப்பதைத் தவிர, மாதவிடாய் வலி வருவதில்லை. ‘ஈஸ்ட்ரோஜன் ஆதிக்கம்’ முதல் நாள் வலிக்கு நேரடிக் காரணம் என்றால் பதினான்காம் நாளில்தான் துடிக்க வேண்டும். முதல் நாள் வலியை விளக்குவது புரோஜெஸ்டிரானின் இறக்கம். அந்த இறக்கத்தில் மாஸ்ட் செல்களின் கடிவாளமும் கழன்று, அவை விடும் ஹிஸ்டமின் புராஸ்டாகிளாண்டினுக்குத் துணை போகலாம். ஹிஸ்டமினுக்கு நேர்மையாகக் கொடுக்கக்கூடிய இடம் இதுதான்: துணைப் பாத்திரம்.

இன்னொரு நூலிழையும் உண்டு. உணவிலிருந்து வரும் ஹிஸ்டமினைக் குடலிலேயே சிதைப்பது டயமின் ஆக்சிடேஸ், சுருக்கமாக டி.ஏ.ஓ., என்ற நொதி. ரத்தத்தில் இதன் செயல்பாடு மாதவிடாய் தொடங்கியதிலிருந்து வரும் முதல் பாதியில் குறைவாகவும், பின் பாதியில் கூடுதலாகவும் இருக்கிறது. கர்ப்ப காலத்தில் நஞ்சுக்கொடி இதைச் சுரப்பதால் அளவு பல நூறு மடங்கு எகிறும். ஆகவே ஹிஸ்டமின் ஒத்துக்கொள்ளாத பெண்ணுக்கு, மாதவிடாய் நாட்களில் அதே உணவு கூடுதல் தொல்லை தருவது நடக்கக்கூடியதுதான். இதனாலேயே ‘டி.ஏ.ஓ. ரத்தப் பரிசோதனை’ செய்து பார்க்கும்படி கட்டுரை சொன்னதை ஏற்க முடியாது. மூன்றாம் நாள் எடுத்த ரத்தத்துக்கும் இருபத்தோராம் நாள் எடுத்த ரத்தத்துக்கும் ஒரே பெண்ணிடம் வேறு வேறு விடை வரும். ஹிஸ்டமின் ஒவ்வாமை நிலையை உறுதிசெய்ய இந்தச் சோதனை மட்டும் போதாது என்றுதான் ஐரோப்பிய ஒவ்வாமை நிபுணர்களின் வழிகாட்டுதலும் சொல்கிறது. டி.ஏ.ஓ. மாத்திரை என்று விற்பது பெரும்பாலும் பன்றிச் சிறுநீரகச் சாறு. சைவ உணவுக்காரர்களும் இஸ்லாமிய வாசகர்களும் அட்டையைப் படித்துவிட்டு முடிவெடுக்கட்டும். அதைவிட முக்கியமானது, அந்த நொதி குடலோடு நின்றுவிடும் என்பது. கருப்பைத் தசையில் மாஸ்ட் செல் கொட்டும் ஹிஸ்டமினை அது எட்டவே எட்டாது.

குழப்பம் எங்கே வருகிறது என்றால், அறிகுறிகளில். முதல் நாள் பேதி, குமட்டல், வாந்தி, தலைவலி, வியர்வை, மயக்கம் வருவது போன்ற உணர்வு எல்லாமே ‘ஹிஸ்டமின் அதிகம்’ என்ற பட்டியலில் இருப்பவை. கருப்பையில் உண்டான புராஸ்டாகிளாண்டின் ரத்தத்தில் கலந்தாலும் இதே அறிகுறிகள்தான் வரும். குடல் தசையும் அதற்குச் சுருங்கும். ‘பீரியட்ஸ் வந்தாலே லூஸ் மோஷன்’ என்பவர் முந்தின நாள் சாப்பிட்ட தக்காளி ரசத்தைக் குற்றம் சொல்வது இப்படித்தான் தொடங்குகிறது. பிரித்தறிய ஒரு வழி: புராஸ்டாகிளாண்டின் தொல்லை ரத்தப்போக்கோடு வந்து 48 முதல் 72 மணி நேரத்தில் அடங்கிவிடும். ஹிஸ்டமின் தொல்லை என்றால் மற்ற நாட்களிலும், குறிப்பிட்ட உணவு சாப்பிட்ட ஓரிரு மணி நேரத்துக்குள் முகம் சிவக்கும், காணாக்கடி போலத் தடிக்கும், மூக்கு அடைக்கும், தலை இடிக்கும். தோலிலும் மூக்கிலும் ஒன்றுமே இல்லாமல் வெறும் அடிவயிற்று வலிக்கு ஹிஸ்டமினைத் தேடிப் போவது வீண் அலைச்சல்.

அலர்ஜி மாத்திரை விஷயத்துக்கு வருகிறேன். மாதவிடாய் வலிக்கான மருத்துவ வழிகாட்டுதல்களில் அலர்ஜி மாத்திரையான செட்ரிசினோ, எச்2 ஏற்பியைத் தடுத்து இரைப்பை அமிலத்தைக் குறைக்கும் ஃபமோடிடினோ சிகிச்சையாக இடம்பெறவில்லை. முதல் இடம் புராஸ்டாகிளாண்டினைத் தடுக்கும் வலிமாத்திரைகளுக்கு, அடுத்து ஹார்மோன் சிகிச்சைக்கு. ஃபமோடிடின் போட்டதும் நிம்மதி கிடைத்ததாகச் சமூக ஊடகங்களில் எழுதுகிறார்கள். வெறும் வயிற்றில் ஐபுப்ரோஃபென் போட்டு இரைப்பை எரிந்துகொண்டிருந்தவருக்கு அமிலம் குறைந்தால் நிம்மதி கிடைக்கத்தான் செய்யும். அந்த நிம்மதி இரைப்பையிலிருந்து வந்தது.

கட்டுரையில் ஆபத்தான வரி ஒன்றும் இருக்கிறது. வழக்கமான வயிற்றுவலி மாத்திரையோடு ஓர் ‘அவில்’ சேர்த்துப் போடலாம் என்று எழுதியிருக்கிறார்கள். நம் ஊர் மருந்துக்கடையில் மாதவிடாய் வலி என்று கேட்டால் பெரும்பாலும் கொடுப்பது வலியைக் குறைக்கும் மெஃபனமிக் அமிலமும் தசைப்பிடிப்பைத் தளர்த்தும் டைசைக்ளோமினும் சேர்ந்த மாத்திரை. டைசைக்ளோமின் வாயை உலர்த்தும், பார்வையை மங்கலாக்கும், மலம் சிறுநீரைக் கட்டும். அவில் போன்ற பழைய தலைமுறை அலர்ஜி மருந்துகளுக்கும் அதே குணம் உண்டு, கூடவே தூக்கம். இரண்டையும் சேர்த்துப் போட்டுக்கொண்டு ஸ்கூட்டி எடுப்பதோ தேர்வு எழுதப் போவதோ சரியல்ல.

வலிமாத்திரை கேட்கவில்லை என்று சொல்பவர்களில் பலருக்கு மருந்து தோற்பதில்லை, நேரமும் அளவும்தான் தோற்கின்றன. காக்ஸ் நொதியைத் தடுத்தால் இனி உண்டாகப் போகும் புராஸ்டாகிளாண்டின் நிற்கும். ஏற்கெனவே உண்டானதை மாத்திரை அழிக்காது. வலி தாங்க முடியாமல் போன பிறகு, மூன்று மணி நேரம் கழித்து, ஒரு மாத்திரையைப் போட்டுவிட்டு ‘எனக்கு இது வேலை செய்யாது’ என்று முடிவுகட்டுவது இதனால்தான் தவறு. ரத்தம் தென்பட்டவுடன், அல்லது தேதி ஒழுங்காக வருபவர் என்றால் இடுப்புக் கடுப்பு தொடங்கும் முந்தின நாளே, முதல் மாத்திரை உள்ளே போக வேண்டும். பிறகு வலிக்காகக் காத்திராமல் மணிக்கணக்குப்படி இரண்டு, மூன்று நாட்கள். வாந்தி எடுப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம், ஏனென்றால் வாந்தி தொடங்கியபின் மாத்திரை வயிற்றில் தங்காது.

அளவு: ஐபுப்ரோஃபென் 400 மி.கி., 6 முதல் 8 மணி நேரத்துக்கு ஒருமுறை. மருத்துவர் கண்காணிப்பு இல்லாமல் ஒரு நாளில் 1,200 மி.கி.யைத் தாண்டக் கூடாது. மெஃபனமிக் அமிலம் முதலில் 500 மி.கி., பின் 6 மணிக்கொரு முறை 250 மி.கி. நாப்ராக்ஸென் முதலில் 500, பின் 6 முதல் 8 மணிக்கொரு முறை 250. இதில் ஒன்றுதான், இரண்டைச் சேர்த்து அல்ல. சாப்பிட்ட பிறகு, சாப்பிட முடியாவிட்டால் இரண்டு பிஸ்கட், ஒரு டம்ளர் பாலாவது.

சேர்க்கை மாத்திரையில் இங்கேதான் சறுக்குகிறது. அட்டையின் பின்புறம் பார்த்தால் மெஃபனமிக் அமிலம் 250, டைசைக்ளோமின் 10 என்று இருக்கும். ஒன்று போட்டால் முதல் தவணைக்குத் தேவையான மெஃபனமிக் அமிலத்தில் பாதிதான் கிடைக்கிறது. போதவில்லை என்று இரண்டு போட்டால் டைசைக்ளோமினும் இரட்டிப்பாகி, நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். தனி மெஃபனமிக் அமிலமாக வாங்கினால் இந்தத் தொல்லை இல்லை. இன்னொரு சேர்க்கையில் பாராசிட்டமால் இருக்கும். அதைப் போட்டவர் காய்ச்சலுக்கென்று தனியாகப் பாராசிட்டமால் போடும்போது கணக்கு கூடிவிடுகிறது. மெஃபனமிக் அமிலம் சார்ந்து, டிரெஸ் என்ற அரிய ஆனால் கடுமையான ஒவ்வாமை குறித்து இந்திய மருந்தியல் ஆணையம் 2023 இறுதியில் எச்சரித்ததும் நினைவிருக்கட்டும். மாத்திரை தொடங்கிய இரண்டு முதல் எட்டு வாரத்துக்குள் காய்ச்சலோடு உடம்பெல்லாம் தடிப்பு, முகவீக்கம், நெறிகட்டுதல் வந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

வேடிக்கை என்னவென்றால், ஹிஸ்டமின் பற்றிய உண்மையான கவலை எழ வேண்டிய இடம் இந்த வலிமாத்திரைகளில்தான். புராஸ்டாகிளாண்டின் ஈ2 மாஸ்ட் செல்களை அடக்கி வைக்கும் பொருள்களில் ஒன்று. வலிமாத்திரை அதைக் குறைத்துவிடும்; அராக்கிடானிக் அமிலம், மூச்சுக்குழாயை இறுக்கும் லூக்கோட்ரையீன் என்ற பொருளின் பக்கம் திரும்பும். பெரும்பாலோருக்கு இதனால் ஒன்றும் ஆவதில்லை. ஆஸ்துமாவோடு மூக்கில் சதை வளர்ச்சியும் உள்ளவர்கள், நாள்பட்ட காணாக்கடி உள்ளவர்கள், முன்பு ஆஸ்பிரின் போட்டு மூச்சிரைத்தவர்கள் ஆகியோருக்கு ஒரே மாத்திரையில் மூச்சுக்குழாய் இறுகலாம், கண்ணிமை வீங்கலாம். இவர்கள் மருத்துவரைக் கேட்காமல் ஐபுப்ரோஃபெனோ மெஃபனமிக் அமிலமோ தொடக் கூடாது. இரைப்பைப் புண், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும் இது பொருந்தும். குழந்தைக்கு முயல்பவர்கள் கருமுட்டை வெளியாகும் நாட்களில் இவற்றைத் தவிர்ப்பது நல்லது.

சரியாகப் போட்டும் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு வலி அடங்குவதில்லை. அவர்களுக்கு அடுத்த படி ஹார்மோன். கருமுட்டை வெளியாவது நின்று, உட்சவ்வு மெலிந்தால், புராஸ்டாகிளாண்டின் செய்ய மூலப்பொருளே குறைந்துவிடும். அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் இலவசமாகத் தரும் மாலா-என் மாத்திரையில் இருப்பதும் இதற்கான கூட்டுத்தான்: லெவோநார்ஜெஸ்ட்ரெல் 0.15 மி.கி., எத்தினைல் ஈஸ்ட்ராடியால் 0.03 மி.கி. திருமணமாகாத பெண்ணுக்கு ‘கருத்தடை மாத்திரையா?’ என்று வீட்டில் முகம் சுளிக்கிறார்கள். கட்டுரை உடைத்திருக்க வேண்டிய தயக்கம் அதுதான். கண்முன் மின்னல் கோடுகள் தெரிந்து ஒற்றைத் தலைவலி வருபவர்கள், ரத்தக்கட்டி வந்தவர்கள், உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்கள் ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரையைப் போடக் கூடாது. அவர்களுக்குப் புரோஜெஸ்டோஜன் (புரோஜெஸ்டிரான் வகை ஹார்மோன்) மட்டும் உள்ள மாத்திரையோ, லெவோநார்ஜெஸ்ட்ரெல் சுரக்கும் கருப்பைச் சாதனமோ உண்டு. காப்பர்-டி இதற்கு நேர்மாறு. வலியையும் போக்கையும் கூட்டக்கூடியது.

மருந்தில்லா வழிகளில் சூடு உண்மையிலேயே வேலை செய்கிறது. அடிவயிற்றில் தொடர்ந்து 39 டிகிரி செல்சியஸ் அளவுச் சூடு, ஐபுப்ரோஃபெனுக்கு நிகராக வலியைத் தணித்ததை 2001-இல் வந்த ஆய்வு காட்டியது. மிதமான சூடு, நெடுநேரம் என்பதே கணக்கு. கொதிக்கிற நீரை வெந்நீர்ப் பையில் ஊற்றித் தோலைச் சுட்டுக்கொண்டு, மாதாமாதம் அதே இடத்தில் வலைபோலப் பழுப்புத் தழும்பு வாங்குகிறவர்கள் உண்டு. கை பொறுக்கும் சூட்டில் நீரை முக்கால் அளவுக்கு ஊற்றி, காற்றை வெளியேற்றி மூடி, துண்டில் சுற்றி வைத்தால் போதும். சுக்குப் பொடிக்கும் சோதனைகளின் ஆதரவு இருக்கிறது: நாளொன்றுக்கு 750 மி.கி. முதல் 2 கிராம் வரை, முதல் மூன்று நான்கு நாட்கள். அரைத் தேக்கரண்டி ஏறக்குறைய ஒரு கிராம். அதை மூன்றாகப் பிரித்துக்கொள்ளலாம்.

இப்போது உணவு. ஹிஸ்டமின் கூடுதலாக உண்டாவது ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் நிறைந்த மீன்களில்: சூரை, கானாங்கெளுத்தி, மத்தி. பிடித்த பின் ஐஸ் போதாமல் வெயிலில் கிடந்தால் பாக்டீரியா ஹிஸ்டிடினை ஹிஸ்டமினாக மாற்றிவிடும். பிறகு எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அது அழியாது. கோடெக்ஸ் என்ற சர்வதேச உணவுத் தரப்படி ஒரு கிலோ மீனுக்கு 200 மி.கி. உச்சவரம்பு. அதைத் தாண்டிய மீன் யாருக்கும், ஆணுக்கும்கூட, முகத்தைச் சிவக்க வைக்கலாம்; அதற்கும் மாதவிடாய்க்கும் தொடர்பில்லை. கருவாடு, மாசிக்கருவாடு, நாள்பட்ட பாலாடைக்கட்டி, மது ஆகியவையும் பட்டியலில் சேரும், மது டி.ஏ.ஓ.வையும் தடுக்கும். கத்தரிக்காயிலும் பாலக்கீரையிலும் ஹிஸ்டமின் உண்டு. ‘கத்தரிக்காய் அரிக்கும்’ என்று பாட்டிமார் சொன்னதில் ஏதோ இருக்கிறது. ஆனால் புளித்தது எல்லாம் ஹிஸ்டமின் என்று இட்லி மாவையும் தயிரையும் ஒதுக்குவதற்கு அடிப்படை இல்லை. எந்த பாக்டீரியா புளிக்க வைத்தது, மாவில் ஹிஸ்டிடின் எவ்வளவு என்பதைப் பொறுத்தது அது. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்று 2019–21 தேசிய குடும்பநல ஆய்வு சொல்கிறது. அப்படிப்பட்ட இடத்தில் மீனையும் கீரையையும் தயிரையும் ஆண்டு முழுக்க நிறுத்தச் சொல்வது அலட்சியமான அறிவுரை.

தோல், மூக்கு அறிகுறிகளும் சேர்ந்து இருப்பதால் சந்தேகம் உண்மையிலேயே இருக்கிறது என்றால், முறையாகச் சோதிக்கலாம். முதல் இரண்டு மாதவிடாய்க்கு உணவில் எதையும் மாற்ற வேண்டாம். ஒரு நோட்டில் வலி தொடங்கிய மணி, 10-க்கு எத்தனை, எந்த மாத்திரை எத்தனை மி.கி. எத்தனை மணிக்கு, எத்தனை பேடு, பேதி உண்டா, தடிப்போ மூக்கடைப்போ உண்டா, அதற்கு முன் இரண்டு மணி நேரத்தில் என்ன சாப்பிட்டோம் என்று எழுதுங்கள். மாத்திரையை இந்தக் காலத்திலேயே சரியான நேரத்துக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். இல்லாவிட்டால் மூன்றாம் மாதம் உணவையும் மாத்திரையையும் ஒன்றாக மாற்றிவிட்டு, எதனால் குறைந்தது என்று தெரியாமல் திண்டாட வேண்டிவரும். அதன் பிறகு, மாதவிடாய் இடையில் வரும்படியாக மூன்று வாரம் மட்டும், மேலே சொன்ன மீன், கருவாடு, மது, சந்தேகமான ஓரிரு காய்களை நிறுத்துங்கள். வித்தியாசம் தெரியவில்லையா, அத்தோடு விட்டுவிடலாம். தெரிந்தால் ஒவ்வொன்றாக, மூன்று நாள் இடைவெளியில் திரும்பச் சேர்த்து, எது என்று கண்டுபிடியுங்கள். கண்டுபிடித்த ஒன்றை மட்டும் தவிர்த்தால் போதும். எல்லாவற்றையும் அல்ல.

ஹிஸ்டமின் பேச்சு ஒரு நோயை மறைத்துவிடக் கூடாது என்பதையும் சொல்ல வேண்டும். எண்டோமெட்ரியோசிஸ், அதாவது கருப்பை உட்சவ்வு போன்ற திசு வெளியே வளர்வது, உலகில் இனப்பெருக்க வயதுப் பெண்களில் சுமார் பத்தில் ஒருவருக்கு இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. அந்தத் திசுக்களில் மாஸ்ட் செல்கள் கூடுதலாக, அதுவும் நரம்புகளை ஒட்டியே, காணப்படுகின்றன. ஹிஸ்டமினும் ஈஸ்ட்ரோஜனும் வலியும் பின்னிக்கொள்ளும் ஆராய்ச்சி உண்மையில் சூடுபிடித்திருப்பது இங்கேதான். ஆனால் இந்த நோய்க்கும் சிகிச்சை டையனோஜெஸ்ட் 2 மி.கி. போன்ற ஹார்மோனோ அறுவையோதான், செட்ரிசின் அல்ல. அலர்ஜி மாத்திரையில் நாள் கடத்துவது, ஏற்கெனவே பல ஆண்டுகள் தாமதமாகிக் கண்டறியப்படும் நோயை இன்னும் தாமதமாக்கும்.

வயதுக்கு வந்து ஓரிரு ஆண்டுகளுக்குள் தொடங்கி, முதல் இரண்டு மூன்று நாட்களோடு நின்றுவிடும் வலி பெரும்பாலும் முதல் நிலை வலி. இருபத்தைந்துக்கு மேல் புதிதாகத் தொடங்கிய வலி, ஆண்டுக்கு ஆண்டு கூடும் வலி, ரத்தம் வருவதற்குப் பல நாள் முன்பே தொடங்குவது, மலம் கழிக்கும்போதோ தாம்பத்தியத்தின்போதோ வலிப்பது, மணிக்கொரு பேடு நனைவது, காய்ச்சலோடு நாற்றமுள்ள வெள்ளைப்படுதல், மூன்று மாதவிடாய்க்கு மாத்திரையைச் சரியாகப் போட்டும் கேட்காதது: இவற்றில் ஒன்று இருந்தாலும் மகப்பேறு மருத்துவரிடம் போக வேண்டும். ஸ்கேன் சரியாக இருக்கிறது என்பதால் எண்டோமெட்ரியோசிஸ் இல்லை என்று ஆகிவிடாது. சிறு திட்டுகள் ஸ்கேனில் தெரியாது.

கட்டுரைக்குத் திருத்தம் வெளியிடுவதாக இருந்தால், வலிமாத்திரையோடு அவில் சேர்க்கச் சொன்ன வரியை முதலில் நீக்கச் செய்யுங்கள். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன் இன்னொரு வரியையும் சேர்க்க வேண்டுகிறேன். மாதவிடாய் நாட்களில் காய்ச்சலும் வந்து, டெங்குவாக இருக்குமோ என்ற சந்தேகம் இருந்தால், ஐபுப்ரோஃபென், மெஃபனமிக் அமிலம், ஆஸ்பிரின் எதையும் தொடாமல், பாராசிட்டமாலோடும் வெந்நீர்ப் பையோடும் நிறுத்திக்கொண்டு, ரத்தத் தட்டணு எண்ணிக்கையைப் பார்க்க அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இப்படிக்கு,
மகப்பேறு மருத்துவர் ஒருவர்,
மதுரை.